இரண்டு மணி நேர விதி: படுக்கைப் புண் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

படுக்கையில் விழுந்த பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். செவிலியர் பாடத்தில் இருக்கிறது, வார்டில் சொல்கிறார்கள், டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டுக்காரர்களிடமும் ஒருமுறை சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. புண் வரும் ஆபத்து உள்ளவர்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, ஆபத்து மிகுந்தவர்கள் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிலை மாற வேண்டும் என்கிறது அது. ஐரோப்பிய, அமெரிக்க, பசிபிக் வட்டார நிபுணர் குழுக்கள் சேர்ந்து 2019-இல் கொண்டுவந்த பன்னாட்டு வழிகாட்டுதல் எல்லோருக்கும் பொதுவான ஒரு மணிக்கணக்கைச் சொல்லவே இல்லை. ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டது.

அப்படியானால் இத்தனை காலமாகச் செய்ததெல்லாம் தப்பா? தப்பில்லை. விதி உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது எப்படி வேலை செய்தது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகள்தான் பிரித்துப் பார்த்தன. பார்த்தபோது, கடிகாரத்துக்கு நாம் கொடுத்திருந்த மதிப்பில் பெரும் பங்கு வேறு சிலவற்றுக்குப் போய்ச் சேர வேண்டியது என்று தெரிந்தது.

முதலில் புண் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். மல்லாந்து படுத்திருக்கும் ஒருவரின் உடல் எடை முழு முதுகிலும் சமமாகப் பரவுவதில்லை. வால் எலும்புக்குச் சற்று மேலே, குதிகால், பின்னந்தலை, தோள்பட்டை என எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில்தான் பாரம் இறங்குகிறது. அங்கே எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தசையும் தோலும் நசுங்குகின்றன, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. திசு உருக்குலைவதாலேயே செல்கள் நேரடியாகச் சேதமடைவதும் உண்டு. தோலைவிடத் தசை மென்மையானது, எலும்பை ஒட்டியே இருப்பது. அதனால் பல நேரங்களில் சேதம் உள்ளே தொடங்கி மேலே வருகிறது. வெளியே ஐந்து ரூபாய்க் காசு அளவில் தெரியும் புண்ணுக்கு உள்ளே கை நுழையும் அளவு பள்ளம் இருப்பது இதனால்தான்.

வயதானவர்களுக்கு ஏன் அதிகம்? தோல் மெலிந்துவிடுகிறது, அடியில் இருக்கும் கொழுப்பும் தசையும் கரைந்துவிடுகின்றன. சோகை, நீரிழிவு, சாப்பாட்டுக் குறைவு எல்லாம் கூடவே இருக்கும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலான காரணம் அசைவு. நாம் தூங்கும்போது நம்மை அறியாமலே புரண்டுகொண்டுதான் இருக்கிறோம். அந்தப் புரளல் நின்றுபோவதுதான் ஆபத்து.

இதை அழகாகக் காட்டிய ஆய்வு 1961-இல் லண்டனில் நடந்தது. எக்ஸ்டன்-ஸ்மித், ஷெர்வின் என்ற இருவர் ஐம்பது முதிய நோயாளிகளின் கட்டிலில் ஒரு கருவியைப் பொருத்தி, இரவில் எத்தனை தடவை அசைகிறார்கள் என்று எண்ணினார்கள். ஐம்பது தடவைக்கு மேல் அசைந்த எவருக்கும் புண் வரவில்லை. இருபது தடவை அல்லது அதற்கும் குறைவாக அசைந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், "அப்பா ராத்திரி ரொம்பப் புரள்கிறார், தூக்க மாத்திரை கொடுங்கள்" என்று டாக்டரிடம் கேட்பதற்கு முன் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டிய ஆய்வு. தூக்க மாத்திரை அந்தப் புரளலையும் சேர்த்தே நிறுத்திவிடும்.

இதற்கு நூறு ஆண்டுகள் முன்பு நிலைமை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய நரம்பியல் மருத்துவர் ழான்-மார்ட்டின் ஷார்கோ, பாரிஸில் பக்கவாத நோயாளிகளுக்குச் சில நாட்களிலேயே புட்டத்தில் தோல் கறுத்து அழுகுவதைப் பார்த்தார். மூளையோ தண்டுவடமோ கெட்டதால் வரும் விளைவு அது, மரணத்தின் அறிகுறி என்று எழுதினார். ஷார்கோ சொன்னால் மறுபேச்சு ஏது? ஆனால் அவருக்கு முன்பே, 1850-களில், பிரவுன்-சேக்கார் என்ற உடலியல் ஆய்வாளர் தண்டுவடம் வெட்டப்பட்ட விலங்குகளை வைத்துச் சோதித்திருந்தார். அழுத்தமும் ஈரமும் படாமல் பார்த்துக்கொண்டால் அவற்றுக்குப் புண் வரவில்லை. 1859-இல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் இன்னும் கறாராக எழுதினார்: நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் அது பொதுவாக நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம். ஒருவர் தலைவிதி என்கிறார், இன்னொருவர் குற்றம் என்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றுவரை விவாதம் ஓடுகிறது.

இரண்டு மணி நேரம் பிரபலமானதில் பெரிய பங்கு லுட்விக் குட்மானுக்கு உண்டு. முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் அடிபட்ட வீரர்கள் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண் தொற்றாலும் செத்துப்போனார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த குட்மான், 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். பகலென்றும் இரவென்றும் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பச் சொன்னார், சொன்னபடி நடக்கிறதா என்று தானே கண்காணித்தார். சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்கமும் அந்த மருத்துவமனை மைதானம்தான்.

அடுத்து வந்தவர் டொரீன் நார்ட்டன் என்ற செவிலியர். முதியோர் வார்டுகளில் எக்ஸ்டன்-ஸ்மித்துடன் சேர்ந்து வேலை செய்து, 1962-இல் அறிக்கை வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கைகால் அசைவு, மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் தலா ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண். கூட்டினால் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து. முறையாகத் திருப்பிப் போட்டால் புண் குறைகிறது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. யாருக்குப் புண் வரும் என்பதை வருவதற்கு முன்பே ஒரு நர்ஸ் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்பது அன்றைக்குப் புதிய சிந்தனை. 1980-களில் அமெரிக்காவில் பிரேடன் அளவுகோலும் பிரிட்டனில் வாட்டர்லோ அளவுகோலும் வந்தன. இந்திய மருத்துவமனைகளில் நர்ஸ்கள் நிரப்பும் படிவம் பெரும்பாலும் பிரேடன்.

கவனிக்க வேண்டியது, இவர்கள் யாரும் இரண்டு மணி நேரத்தை மூன்றோடும் நான்கோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதைத்தான். திருப்புவது நல்லது என்று நிரூபணமானது. எத்தனை மணிக்கு ஒருமுறை என்பது பழக்கமாகவே நின்றது. அந்த ஒப்பீடுகள் வெகு காலம் கழித்தே வந்தன. அவற்றில் முக்கியமான ஒன்று 2013-இல் வெளியானது. நான்சி பெர்க்ஸ்ட்ராமும் குழுவினரும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில், ஆபத்து உள்ள 942 பேரை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரக் குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டு மணி நேரக் குழுவில் 2.5 சதவீதம் பேருக்குப் புண், மூன்று மணி நேரக் குழுவில் 0.6, நான்கு மணி நேரக் குழுவில் 3.1. புள்ளியியல்படி இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல.

இதைப் படித்துவிட்டு "அப்போ நாலு மணி நேரம் விட்டுடலாம்" என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த இல்லங்களில் மெத்தை நல்ல மெத்தை. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் ஊழியர் தோலைப் பார்த்தார், டயப்பர் நனைந்திருக்கிறதா என்று பார்த்தார், பார்த்ததை எழுதிவைத்தார். திருப்புவதாகச் சொன்ன நேரத்தில் உண்மையிலேயே திருப்பினார்கள். சுவரில் இரண்டு மணி என்று ஒட்டிவிட்டு ஐந்து மணி நேரம் கழித்துப் போய்ப் பார்க்கும் வார்டைவிட, நான்கு மணி என்று சொல்லி நான்கு மணிக்குப் போய் நிற்கும் வார்டு எவ்வளவோ மேல்.

எப்படித் திருப்புகிறோம் என்பதும் கணக்கில் வரும். அயர்லாந்தில் ஸீனா மூர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 213 முதியவர்கள். ஒரு குழுவை வழக்கம்போல இரவில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். இன்னொரு குழுவை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 30 பாகை மட்டும் சாய்த்து, முதுகுக்கு அண்டை கொடுத்தார்கள். முதல் குழுவில் 11 சதவீதம் பேருக்குப் புண், இரண்டாவதில் 3 சதவீதம். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பு நேராக மெத்தையில் குத்தும். லேசாகச் சாய்த்தால் வால் எலும்பும் தப்பிக்கும், பக்கவாட்டு எலும்பும் தப்பிக்கும், பாரம் புட்டத்தின் சதைப்பற்றான பகுதியில் இறங்கும். ஒரு பக்கம் முதுகு நெடுக ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று, அவ்வளவுதான் தேவை. தூங்குகிறவரை அதிகம் எழுப்பவும் வேண்டியதில்லை.

சாய்த்து உட்கார வைப்பதில்தான் வீட்டில் அதிகம் தப்பு நடக்கிறது. சாப்பாடு கொடுக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவார்கள், அப்படியே டிவி பார்க்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். உடல் மெல்லக் கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிடும், எலும்பு மட்டும் நகரும். நடுவில் இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்கும். வெறும் அழுத்தத்தைவிட இந்த இழுவை சீக்கிரமாகத் தசையைக் கெடுக்கும். சாப்பிடும்போதும், சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரமும் உயர்த்தி வைத்தே ஆக வேண்டும், புரையேறாமல் இருக்க. அப்புறம் 30 பாகைக்குள் இறக்கிவிட வேண்டும். உயர்த்துவதற்கு முன் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் சரிவது குறையும். சரிந்தவரை அக்குளில் கை கொடுத்து இழுக்காமல், அடியில் போட்ட விரிப்பை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்துவது நல்லது.

குதிகாலுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் பரவலாக உண்டு. பன்னாட்டு வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்கிறது. நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்தையும் வேண்டாம் என்கிறது: ஓட்டைக்கு மேலே இருக்கும் இடத்தில் அழுத்தம் இல்லாததுபோலத் தெரியும், வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அமுக்கி அந்த இடத்துக்கு வரும் ரத்தத்தையே குறைத்துவிடும்.

இன்னொன்று தேய்ப்பது. தலைமுறை தலைமுறையாக நர்ஸ்களுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை, முதுகில் ஸ்பிரிட் தடவி அழுத்தித் தேய்த்து பவுடர் போடுவது. ரத்த ஓட்டம் வரும் என்பது நம்பிக்கை. ஆனால் சிவந்த இடத்தில் ஏற்கெனவே அடியில் குழாய்கள் நைந்திருக்கின்றன, தேய்த்தால் இன்னும் நையும். ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும், பவுடர் வியர்வையில் கட்டிதட்டி மடிப்புகளில் உறுத்தும். எலும்பு துருத்தும் இடங்களில் தேய்க்காதீர்கள் என்று இன்றைய வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. இதமாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் தரும் களிம்பு தடவினால் போதும். ஆதாரத்தைப் பார்த்து நர்ஸிங் செய்வது என்றால் புதிதாக எதையோ சேர்ப்பது என்று நினைக்கிறோம். இந்த விஷயத்தில் அதன் பெரும்பகுதி, பாசத்தோடு செய்துவந்ததை நிறுத்துவதுதான்.

மெத்தைக்கு வருவோம். படுக்கையில் விழுந்ததும் பலர் முதலில் வாங்குவது மோட்டாரில் ஓடும் ஏர் பெட். மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும். பிரிட்டனில் 2,029 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதையும் தரமான ஃபோம் மெத்தையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. காற்று மெத்தையில் 6.9 சதவீதம் பேருக்குப் புண், ஃபோமில் 8.9. உறுதியாக வேறுபாடு உண்டு என்று சொல்ல முடியாத இடைவெளி. சாதாரண மெத்தையோடு ஒப்பிட்டால் இரண்டுமே மேலானவை. அதனால் ஏர் பெட் வாங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம், வாங்க முடியாதவர்களும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். மின்வெட்டில் மோட்டார் நின்றால் காற்று இறங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். உள்ளங்கையை மேலே பார்த்தபடி மெத்தைக்கு அடியில், இடுப்புக்கு நேராக நுழைத்துப் பாருங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் அந்த மெத்தை தாங்கவில்லை. வால் எலும்புப் பகுதியிலும் குதிகாலிலும் முன்கூட்டியே ஒட்டும் சிலிகோன் ஃபோம் பிளாஸ்திரி தீவிர சிகிச்சைப் பிரிவில் புண்ணைக் குறைப்பதாக மெல்போர்னில் 440 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது: 13.1 சதவீதம் 3.1 ஆனது. விலை அதிகம், வீட்டில் எல்லோருக்கும் தேவைப்படாது.

தோலைப் பார்ப்பதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் நிலைப் புண்ணுக்குப் பாடத்தில் சொல்லும் அடையாளம், விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. வெளிர்ந்த தோலை மனத்தில் வைத்து எழுதிய வரையறை அது. கறுப்பிலும் மாநிறத்திலும் சிவப்பு சரியாகத் தெரியாது. அமெரிக்காவில் கறுப்பின முதியவர்களிடம் முதல் நிலைப் புண்கள் குறைவாகவும் முற்றிய புண்கள் அதிகமாகவும் பதிவானதற்கு இது ஒரு காரணம்: தொடக்கத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் கண்ணோடு கையும் வேலை செய்ய வேண்டும். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ ஜில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கும். சுற்றுப்புறத்தைவிட ஒரு பிடி கருத்தோ ஊதா படர்ந்தோ தெரியும். தொட்டால் வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். பேச முடியாதவர் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டும். டியூப் லைட் வெளிச்சத்தைவிடப் பகல் வெளிச்சம் நல்லது. அப்படி ஒன்று தென்பட்டால் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது, திருப்பும் இடைவெளியையும் உடனே குறைக்க வேண்டும்.

ஈரமும் சாப்பாடும் தனித்தனிக் கட்டுரைக்கு உரியவை. சுருக்கமாக: மூத்திரத்திலும் மலத்திலும் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். டயப்பரை மாற்றும்போது கழுவித் துடைத்து வாஸலின் அல்லது துத்தநாகக் களிம்பு மெல்லிசாகப் பூசினால் பாதுகாப்பு. சாப்பாட்டில் பிரச்சினை புரதம். உடம்பு வற்றியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள், அதாவது 50 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். மூன்று வேளையும் வெறும் அரிசிக் கஞ்சி கொடுத்தால் இதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. பருப்பு, முட்டை, மீன், தயிர், பால் என்று கஞ்சிக்குள்ளேயே கலக்க வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

சரி, இதையெல்லாம் செய்வது யார்? மேலே சொன்ன ஆய்வுகள் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் திருப்பிய இடங்களில் நடந்தவை. நம் ஊரில் அரசு மருத்துவமனை வார்டிலேயே நோயாளியைத் திருப்புவது பெரும்பாலும் கூட இருக்கும் மகளோ மருமகளோதான். வீட்டுக்கு வந்தபின் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021 கணிப்பின்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வலிநிவாரணப் பராமரிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வரும் ஏற்பாடு உண்டு. அப்படி வரும் செவிலியர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போவதைவிட, தலையணையை எங்கே வைப்பது என்று வீட்டாரின் கையைப் பிடித்துக் காட்டிவிட்டுப் போவது நீண்டகாலத்துக்கு உதவும். மதிப்பெண் படிவங்களின் கதையும் இதையே சொல்கிறது. படிவம் நிரப்புவதால் மட்டும், அனுபவமுள்ள நர்ஸின் கணிப்பைவிடப் புண் குறைகிறது என்பதற்கு ஒப்பீட்டு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இங்கேதான் நான்கு மணி நேர ஆய்வின் உண்மையான பயன் இருக்கிறது என்பது என் கருத்து. தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் இரவு முழுவதும் இரண்டு மணிக்கொருமுறை எழுந்திரு என்று சொன்னால், சில நாட்களில் அவர் இரவில் திருப்புவதையே விட்டுவிடுவார். நல்ல ஃபோம் மெத்தை, 30 பாகைச் சாய்வு, அந்தரத்தில் குதிகால், காலையில் தோலில் மாற்றம் இல்லை. இத்தனையும் இருந்தால் செவிலியரைக் கேட்டுக்கொண்டு இரவு பத்து, இரண்டு, ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் இடைவெளியைக் குறைக்கலாம். உட்கார முடிந்தவரை உட்கார வைக்கலாம், ஆனால் ஒரே இருப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உட்காரும்போது புட்டத்து எலும்பில் விழும் பாரம் படுக்கும்போது விழுவதைவிட அதிகம்.

இவ்வளவும் செய்தும் புண் வருமா? சிலருக்கு வரும். 2010-இல் அமெரிக்க நிபுணர் குழு கூடிப் பேசி, பெரும்பாலான படுக்கைப் புண்கள் தடுக்கக்கூடியவை, எல்லாமே அல்ல என்று ஒப்புக்கொண்டது. கேரன் கென்னடி என்ற செவிலியர் 1989-இல் ஒன்றை விவரித்தார்: மரணத்துக்குச் சில நாட்களோ வாரங்களோ முன்பு வால் எலும்பு மேல் பேரிக்காய் வடிவில் திடீரெனத் தோன்றும் புண். இதயமும் சிறுநீரகமும் கைவிடுவதுபோலத் தோலும் கைவிடுகிறது என்று பலர் இதை விளக்குகிறார்கள். ஷார்கோ பார்த்ததில் ஒரு பங்கு இதுவாகவே இருந்திருக்கலாம். நைட்டிங்கேலின் வாக்கியத்தில் "பொதுவாக" என்ற சொல் இருந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் திருப்புவதன் நோக்கமே மாறிவிடுகிறது. திருப்பும்போது வலியில் துடிக்கிறார் என்றால் வலி மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்துத் திருப்புவார்கள். ஒரு பக்கம் படுத்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால் அந்தப் பக்கமே அதிக நேரம் விடுவார்கள், கை, கால், தலையணை மட்டும் லேசாக நகரும். இப்படி முடிவு செய்ததையும், குடும்பத்தாரிடம் பேசியதையும் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வரும் நர்ஸ் மறுபடி இரண்டு மணிக் கணக்கையே தொடங்கிவிடுவார்.